சவப்பெட்டிக் கடைக் குடும்பத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

எங்கள் கடையின் பெயர்ப்பலகையில், தொழில் தொடங்கிய வருடம் என்று ஓர் எண் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அப்பா அதை நம்பினார், தாத்தாவும் நம்பியிருப்பார். குடும்ப வரலாற்றை எழுதலாம் என்று உட்கார்ந்த முதல் மாதமே அந்த எண் தவறு என்று தெரிந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை. அது கொள்ளுத்தாத்தா தச்சுப் பட்டறை போட்ட வருடம். அவர் முதல் சவப்பெட்டி செய்தது அதற்கு ஒன்பது வருடம் கழித்துத்தான்.

இதைச் சொன்னது ஒரு பேரேடு. கதவு நிலை, பெஞ்சு இரண்டு, அலமாரி என்று போய்க்கொண்டிருந்த பக்கத்தில் 'பெட்டி 1' என்று ஒரு வரி. துணிமணி வைக்கும் பெட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படிக்கும்போதுதான் பக்கத்தில் இருந்த அளவு கண்ணில் பட்டது: 5 அடி 8 அங்குலம். அந்த நீளத்துக்கு யாரும் துணிப்பெட்டி செய்யச் சொல்ல மாட்டார்கள்.

அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதையை எழுத நினைப்பவருக்கு நான் சொல்வது: பெரியவர்களிடம் கதை கேட்கப் போவதற்கு முன்னால் கணக்குப் புத்தகங்களைப் படித்து முடியுங்கள். நம் ஆட்கள் துக்க வீட்டில் பேசிப் பழகியவர்கள். எதையும் மென்மையாக்கி, மேடுபள்ளம் இல்லாமல் சொல்ல அவர்களுக்கு வரும். அதே குரலில்தான் குடும்பக் கதையையும் சொல்வார்கள். பேரேட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நான் நான்காவது தலைமுறை. கடையில் கணக்கு என் பொறுப்பு. இந்த வேலைக்கு இரண்டு வருடம் ஆனது, அதில் முதல் எட்டு மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் ஆகும், பதறாதீர்கள்.

என்னென்ன தேட வேண்டும்

பேரேடுகள், தினக் குறிப்பேடுகள், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், மரமும் துணியும் ஆணியும் வாங்கிய பில்கள், வண்டியின் பதிவுப் புத்தகம், உரிமங்கள், பழைய விலைப்பட்டியல், லெட்டர்பேடு. இவை எல்லாரும் தேடுவதுதான். யாரும் மதிக்காமல் பழைய பேப்பரோடு போடுவது ஒன்று உண்டு: தொலைபேசிக்குப் பக்கத்தில் கிடக்கும் நோட்டு. எங்கள் வீட்டில் அப்படி ஏழு நோட்டுகள் கிடைத்தன. இரவு 2.40, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, படி குறுகல், நான்கு பேர் வேண்டும். இப்படியே பக்கம் பக்கமாக. பெயர்கூடப் பல இடங்களில் இல்லை. ஆனால் இந்தத் தொழில் என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. யார் தூக்கினார்கள், எந்த நேரத்தில் எழுந்தார்கள், எந்தப் படிக்கட்டில் திணறினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தேதி இல்லாத காகிதம் கிடைத்தால் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். எண்ணே இல்லாத லெட்டர்பேடு, மூன்று இலக்கம், ஐந்து இலக்கம், அப்புறம் கைப்பேசி எண் என்று வரிசைப்படுத்தினால் பாதிக் குழப்பம் தீரும். இந்தத் தொழிலுக்கும் தொலைபேசிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஆளின் உதவி இல்லாமல் தானாக இணைப்புத் தரும் தொலைபேசி நிலையத்துக்கு 1891-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர், சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக் கடைக்காரரின் வீட்டுப் பெண் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அந்தக் கடைக்கே திருப்பிவிடுகிறார் என்ற எரிச்சலில்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை பரவலாக உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்தச் சந்தேகத்தின் வேதனை இத்தொழிலில் இருக்கும் எவருக்கும் புரியும்.

பின்கட்டைக் கிளறும்போது ஓர் எச்சரிக்கை. உடலைப் பதப்படுத்தும் வேலையும் உங்கள் குடும்பம் செய்திருந்தால், அலமாரியின் அடியில் பழைய புட்டிகள் இருக்கலாம். திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பதப்படுத்தும் திரவங்களில் ஆர்செனிக் சாதாரணமாகச் சேர்க்கப்பட்டது. பின்னால் அதன் இடத்துக்கு வந்தது ஃபார்மால்டிஹைடு. அதையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், புட்டியை அபாயக் கழிவு எடுக்கத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். சித்தப்பாவுக்கு அந்த அறையில் கண் எரிந்துகொண்டே இருக்கும் என்று வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எழுத உட்கார்ந்த பிறகு எனக்கு அது சிரிப்பாக இல்லை.

காகிதத்தைக் காப்பாற்றுவது

இதில் ஆசை அதிகமாகிச் செய்யும் தவறுகள்தான் ஆபத்து. லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் அதன் பசை பழுப்பாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். குண்டூசி, கிளிப் துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். அசல் இருக்கும் மேசையில் பென்சில் மட்டும்தான் இருக்க வேண்டும். பேனாவை வேறு அறையில் வையுங்கள். பூஞ்சை பிடித்த புத்தகம் என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான நிழலில் உலர்த்திய பிறகுதான் பிரிக்க வேண்டும். ஒட்டும் தாள் போட்ட ஆல்பங்களில் சிக்கிய புகைப்படத்தை நகத்தால் பெயர்க்காதீர்கள், பல் இடுக்கில் விடும் நூலைப் பின்னால் விட்டு மெல்ல இழுத்தால் வரும். வரவில்லை என்றால் ஆல்பத்தோடே படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

பேரேட்டில் பூச்சி இருக்கிறது என்றதும் என் தம்பி, "நம்மகிட்டதான் குளிர் அறை இருக்கே, ஒரு வாரம் உள்ள வச்சிடலாம்" என்றான். உறைய வைத்துப் பூச்சியைக் கொல்வது ஆவணக் காப்பகங்களில் நிஜமாகவே செய்யும் முறைதான். ஆனால் அதற்கு உறைநிலைக்கு வெகு கீழே போக வேண்டும், புத்தகத்தைக் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். நம் குளிர் அறை அவ்வளவு தூரம் போகாது. தவிர, அது வேறு ஒருவருக்கான இடம்.

ஒவ்வொரு பக்கத்தையும் நேர் மேலே இருந்து, நிழலான பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எழுதாத பக்கத்தையும் அட்டையையும் விடாதீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது புத்தக எண், பக்க எண் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு வீட்டில். சரி, இது போதும்.

பேரேட்டைப் படிக்கும் விதம்

முதல் தடவை கதை தேடாதீர்கள். கையெழுத்து மாறும் இடங்களை மட்டும் குறியுங்கள். இரண்டாம் தடவை, புதிதாக ஒரு பத்தி முளைக்கும் இடங்களை. தொழில் மாறியதை எந்த முதலாளியும் எழுதி வைக்க மாட்டார். ஆனால் கோடு போட்டு ஒரு புதுப் பத்தியைச் சேர்ப்பார். எங்கள் நான்காவது பேரேட்டில் திடீரென்று 'வண்டி' என்று ஒரு பத்தி. அடுத்ததில் 'பு / எ' என்று ஒன்று, புதைப்பதா எரிப்பதா என்பதற்கு. அப்பா காலத்துப் புத்தகத்தில் 'இதயக் கருவி' என்று தலைப்புப் போட்டு, கீழே எல்லாம் 'இல்லை', 'இல்லை', நடுவில் ஓர் 'உண்டு'. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியை உடலில் இருந்து எடுக்காமல் எரியூட்டினால் அதன் மின்கலம் வெடிக்கும். அதைக் கேட்டு எழுத வேண்டிய காலம் எங்கள் கடைக்கு எப்போது வந்தது என்பதை அந்தப் பத்தி சொல்லிவிட்டது.

மூன்றாம் தடவை நீளங்களைப் பாருங்கள். இதில் அவசரப்படாதீர்கள், இந்த வேலையின் சாரமே இங்கேதான் இருக்கிறது. சவப்பெட்டிக் கணக்கில் வயது எழுதாமல் இருக்கலாம், நீளம் எழுதாமல் இருக்க முடியாது. ஒரு தாளில் வருடத்தைக் குறுக்கே போட்டு, 4 அடிக்குக் கீழே உள்ள பெட்டிகளை மட்டும் எண்ணினேன். கொள்ளுத்தாத்தாவின் பக்கங்களில் அவை வராத மாதமே இல்லை. தாத்தாவின் கடைசிப் புத்தகத்தில் பல மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால்தான் ஒன்று கிடைத்தது. அப்பாவின் கடைசிப் புத்தகத்தில் ஒரு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. தடுப்பூசி, ஆன்டிபயாடிக், சுத்தமான தண்ணீர், மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் சேர்ந்து செய்த காரியம், ஒரு தச்சனின் அளவுக் குறிப்பில் இப்படி வந்து விழுந்திருக்கிறது. எண்ணி முடித்த அன்று நான் வேறு வேலை செய்யவில்லை.

உங்கள் கடை 1918-இலேயே இருந்திருந்தால் அந்த வருடத்துப் பக்கங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த இன்ஃப்ளூயன்சா உலகம் முழுக்கச் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. சாதாரணக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும்தான் எடுத்துப்போகும். அது 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கூட்டமாக எடுத்துப்போனது. ஆகவே பேரேட்டில் முழு நீளப் பெட்டிகள் திடீரென்று அடுக்கடுக்காக வரும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அந்த இலையுதிர் காலத்தில் சவப்பெட்டியே கிடைக்காமல் போனது. உங்கள் புத்தகத்தில் அந்த மாதங்களில் எழுத்து கோணலாக இருந்தாலோ, பக்கங்கள் வெறுமையாக இருந்தாலோ, வியாபாரம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். எழுத நேரம் இல்லாமல் போயிருக்கலாம். 2020-இல் எங்கள் கடைக் கணக்கிலேயே பதினாறு நாள் வெறுமை. அந்த மார்ச் மாதத்தில் இத்தாலியின் பெர்கமோவில் ராணுவ லாரிகள் வரிசையாகச் சவப்பெட்டிகளை வேறு ஊர்களுக்கு ஏற்றிச் சென்ற படத்தை உலகமே பார்த்தது. நான் கணக்குப் பார்ப்பவள். அந்தப் பதினாறு நாளும் நான் எழுதவில்லை, கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உலகத்தின் தேதிகளை எங்கே வைப்பது

தொழிலின் பொது வரலாற்றைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் அதை முதல் அத்தியாயமாகக் கொட்டாதீர்கள். வாசகர் உங்கள் தாத்தாவைப் பார்க்க வந்திருக்கிறார். ஒரு நீளத் தாளில் மேலே குடும்பத்துத் தேதிகளும் கீழே உலகத்துத் தேதிகளும் எழுதி, இரண்டும் எங்கே உரசுகின்றன என்று பாருங்கள். உரசும் இடத்தில் மட்டும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பலர் மரச்சாமான் செய்த தச்சர்கள், குதிரைவண்டி வாடகைக்கு விட்டவர்கள். பெட்டி செய்பவரிடம் வண்டியும் கேட்டார்கள், அப்புறம் எல்லா ஏற்பாட்டையும் அவர் தலையில் கட்டினார்கள். ஆங்கிலத்தில் 'அண்டர்டேக்கர்' என்ற சொல்லுக்கே ஆதியில் ஏதோ ஒரு காரியத்தை ஏற்று நடத்துபவர் என்றுதான் பொருள். எங்கள் கொள்ளுத்தாத்தா அதே பாதையில் வந்திருக்கிறார், யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல். உடலைப் பதப்படுத்துவது அமெரிக்காவில் பரவலானது 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில். போர்க்களத்தில் இறந்தவர்களைத் தொலைவில் இருந்த வீடுகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 1865-இல் லிங்கனின் பதப்படுத்திய உடல் ரயிலில் நகரம் நகரமாகப் போனபோது, அந்த முறையை மக்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். நவீன தகனக் கூடம் அமெரிக்காவில் 1876-இல், பென்சில்வேனியாவின் வாஷிங்டன் என்ற ஊரில் வந்தது. இங்கிலாந்தில் வோக்கிங்கில் 1885-இல் முதல் தகனம் நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபை தகனத்துக்கு இருந்த தடையை 1963-இல் தளர்த்தியது. தகனம் கூடக்கூடப் பெட்டிக்காரருக்கு உலோகக் கைப்பிடி விற்பனை குறையும், மரம் மெலியும். உங்கள் பில்களில் இது தெரிகிறதா என்று பாருங்கள்.

சட்டத்தையும் விடாதீர்கள். பிரான்சில் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் சவ அடக்க ஏற்பாட்டின் ஏகபோகத்தைத் திருச்சபை அமைப்புகளிடம் இருந்து எடுத்து நகராட்சிகளிடம் கொடுத்தது. அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அமெரிக்காவில் 1984-இல் நடைமுறைக்கு வந்த விதி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாக விலை காட்ட வேண்டும் என்றது. இப்படி ஒரு சட்டம் வந்த வருடத்தில் குடும்பத்தில் சண்டை நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு தலைமுறை 'மொத்தமா ஒரு தொகை சொல்லு' என்று வளர்ந்திருக்கும், அடுத்தது பட்டியல் அச்சடிக்கச் சொல்லும்.

இன்னொன்று. ஒரே குடும்பம் பல தலைமுறை இதைச் செய்ததற்குப் பேர்போன உதாரணம் லண்டனின் பாண்டிங் குடும்பம். 1820-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் அடக்கத்தில் இருந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு வேலை பார்த்தவர்கள். ஆனால் அந்தப் பெயர் உலகத்தில் நிற்பது வேறு காரணத்துக்கு. அந்தக் குடும்பத்து வில்லியம் பாண்டிங், உடல் எடையைக் குறைத்த விதத்தைப் பற்றி 1863-இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஸ்வீடிஷ் மொழியில் எடை குறைக்கக் கட்டுப்பாடாக இருப்பதற்கு இன்றும் 'பாண்ட்டா' என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் என்ன எழுதினாலும் பேரன்கள் எதை நினைவில் வைப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

பேரேட்டில் பெயர் இல்லாதவர்கள்

கையெழுத்து மாறும் இடங்களைக் குறிக்கச் சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் இருக்கிறது. தாத்தாவின் இரண்டாவது புத்தகத்தில் நடுவே ஏழு மாதம் வேறு ஒரு கை எழுதியிருக்கிறது. எழுத்து உருண்டையாக, வரிக்கு வரி இடைவெளி விட்டு, கூட்டல் பிழையே இல்லாமல். தாத்தாவின் தம்பியாக இருக்கும் என்றார் அப்பா. அந்தச் சின்னத் தாத்தாவின் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன், அவர் எழுத்து குச்சி குச்சியாக இருந்தது. அப்புறம் பாட்டி தன் அக்காவுக்கு எழுதிய ஒரே ஒரு அஞ்சல் அட்டை கிடைத்தது. அதே உருண்டை எழுத்து.

தாத்தா காசநோயில் படுத்திருந்த மாதங்கள் அவை. கடையை நடத்தியது பாட்டி. அது மட்டும் இல்லை. துணி, நூல், பஞ்சு வாங்கிய பில்கள் முப்பது வருடத்துக்கு இருக்கின்றன, தைத்த கூலி ஒரு இடத்திலும் இல்லை. பெட்டியின் உள்துணியை எல்லாம் தைத்தது யார்? பெண்களின் உடலையும் குழந்தைகளின் உடலையும் கழுவித் துணி உடுத்தியது யார்? கூலி எழுதாத வேலையை வீட்டில் ஒருவர் செய்திருக்கிறார் என்று அர்த்தம். பல நாடுகளிலும் இந்தத் தொழில் உருவாவதற்கு முன்னால் உடலைத் தயார் செய்தது அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். பிரசவம் பார்த்தவர்களே பல இடங்களில் இதையும் பார்த்தார்கள். அது தொழிலாகிப் பலகை மாட்டியதும் பலகையில் 'மற்றும் மகன்கள்' என்று எழுதினார்கள். எங்கள் பலகையிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த மகன்களில் ஒருவர் பதினெட்டு வயதிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார். இருந்து உழைத்தது அத்தை.

அதனால் ஒரு வழி சொல்கிறேன்: வாங்கிய பொருளுக்கும் கொடுத்த கூலிக்கும் இடையில் இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள். அந்த ஓட்டையில் ஒரு பெண்ணோ, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையனோ இருப்பார்கள்.

இப்போது பெரியவர்களிடம் போகலாம்

வரவேற்பறையில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். 'இந்தத் தொழில் உங்களை எப்படி மாற்றியது' மாதிரிக் கேள்வி வேண்டவே வேண்டாம். அப்பாவிடம் அப்படிக் கேட்டபோது, "என்னத்தை மாத்தறது, வேலைதானே" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் பட்டறையில் கிடந்த ஒரு தகர டப்பாவை எடுத்துப் போய் அவர் முன்னால் வைத்தேன். பாதி ஆணி, பாதி திருகாணி.

"இது எப்ப வாங்கினதுப்பா?"

"இது எங்க அப்பா வாங்கினது. பாரு, தலை கோணலா இருக்கு. இதால என் கையைக் கிழிச்சிருக்கேன்." அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். முதல் நாள் அவருக்குக் கொடுத்த வேலை கைப்பிடிக்கு எண்ணெய் போடுவது. முதல் தடவை தூக்கப் போனபோது தலைப்பக்கம் நிற்கச் சொன்னார்களா, கால்பக்கமா என்பது வரைக்கும் சொன்னார். கால்பக்கம். புதுசாக வருபவனை முகம் பார்க்காத பக்கம் நிறுத்துவது தாத்தாவின் வழக்கமாம்.

ஆகவே கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். இழைப்புளி, பழைய சாவி, வண்டிக் கதவின் பிடி, எதுவாக இருந்தாலும் சரி. பதிவு செய்யும் கைப்பேசியை அழைப்பு வராதபடி மாற்றிவிடுங்கள். இந்தத் தொழிலில் எந்த நிமிடமும் மணி அடிக்கும், அடித்தால் அவர் எழுந்து போய்விடுவார். (கடை எண்ணை அன்றைக்கு யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.) ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவர் பேசாமல் இருந்தால் நீங்கள் நிரப்பாதீர்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அன்றிரவே கேட்டதை எழுதிவிடுங்கள்.

வண்டியைப் பற்றிக் கேட்கும்போது உயிரோடு இருந்தவர்களையும் ஏற்றினார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 1960-கள், 70-கள் வரை பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியதே சவ அடக்க நிலையங்கள்தான். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகத் தோதான வண்டி அவர்களிடம்தான் இருந்தது.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு: பெரிய விபத்து ஒன்று நடந்த அன்று தாத்தா விடியவிடியத் தனியாகப் பதினொரு பெட்டி செய்தார் என்று. பேரேட்டில் அந்தத் தேதியில் நான்கு பெட்டி எங்கள் கணக்கில், ஏழு பெட்டி வேறொரு கடையில் வாங்கியதாகக் கடன் கணக்கில். அத்தையிடம் காட்டினேன். "பதினொன்னும் நம்ம வாசல்லேர்ந்துதான் போச்சு. யார் செஞ்சா என்ன?" என்றார். நான் புத்தகத்தில் நான்கு, ஏழு என்று எழுதி, அத்தை சொன்னதையும் அடுத்த வரியில் போட்டேன். தனியாகப் பதினொன்று செய்ததைவிட, போட்டிக் கடையின் கதவை நள்ளிரவில் தட்டி ஏழு பெட்டி கடன் கேட்டது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எதை எழுதக் கூடாது

மற்றத் தொழில்களின் குடும்ப வரலாற்றுக்கு இல்லாத ஒரு பொறுப்பு நமக்கு இருக்கிறது. நம் பேரேட்டில் இருப்பது ஊராரின் மரணம். அது நம் சொத்து இல்லை. எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்தேன்: அச்சில் வரலாம், குடும்பத்துக்குள் மட்டும், பிரதியே எடுக்கக் கூடாது. இறந்தவரின் பெயர் எதுவும் முதல் வகையில் கிடையாது. நூறு வருடம் ஆனாலும் கிடையாது. இறந்த விதம், உடல் இருந்த நிலை, அன்று வீட்டில் நடந்த சொத்துச் சண்டை, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் மூன்றாம் வகை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் வருடமும் தெருவும் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். நான் எனக்கு வைத்துக்கொண்ட சோதனை: அந்த வீட்டுப் பேத்தி தற்செயலாக என் புத்தகத்தைப் பிரித்தால் இந்த வரியில் திடுக்கிடுவாளா? ஆம் என்றால் எடுத்துவிடு. பெரிய மனிதர் யாருக்காவது வேலை செய்திருந்தாலும் அப்படியே. அதைப் பெருமையாக எழுதத்தான் எல்லோருக்கும் கை அரிக்கும்.

கடன் பக்கங்களிலும் பெயரைத் தொடாதீர்கள், ஆனால் எண்ணிக்கையை எழுதலாம். தாத்தா வராத கடன்களை ஒற்றைக் கோடு போட்டு அடித்திருக்கிறார், 'வசூல்' என்றும் எழுதவில்லை, 'தள்ளுபடி' என்றும் எழுதவில்லை. அப்படி 212 கோடுகள். அப்பாவின் புத்தகத்தில் அந்தக் கோடுகள் குறைவு, நினைவூட்டுக் கடிதங்களின் நகல்கள் அதிகம். அப்பாவுக்கு வங்கிக் கடன் இருந்தது, தாத்தாவுக்கு இல்லை. இதைச் சொல்லாமல் கோடுகளை மட்டும் எண்ணினால் அப்பாவுக்கு அநியாயம்.

நம் கடையின் தவறுகள் வேறு விஷயம், அவற்றை எழுதத்தான் வேண்டும். ஒரு முறை பெயர்த்தகட்டில் ஓர் எழுத்துப் பிழையோடு பெட்டி போய்விட்டது. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, தகட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார். எழுத்தைச் சரிபார்த்திருக்க வேண்டியது நான். அன்றிலிருந்து பெயரை வீட்டாரையே எழுதச் சொல்லி வாங்குகிறோம். எங்கள் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் வந்தது அப்படித்தான். உங்கள் கடையில் இருக்கும் விசித்திரமான விதிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு நாள் இருக்கும். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.

அடுக்கி, அச்சடிப்பது

பிறப்பு, திருமணம், இறப்பு என்று தலைமுறை வாரியாக அடுக்கினால் அது வம்சாவளி ஆகிவிடும். வேறு ஏதாவது ஒரு கம்பியைப் பிடியுங்கள். வண்டிகளை வைத்து எழுதலாம், குதிரையில் இருந்து இன்றைய வண்டி வரைக்கும். கடை இருந்த கட்டிடங்களை வைத்து எழுதலாம். நான் கையெழுத்துகளை வைத்து எழுதினேன்: கொள்ளுத்தாத்தா, தாத்தா, பாட்டியின் ஏழு மாதம், அப்பாவும் அத்தையும் மாறி மாறி. ஐந்தாவது அத்தியாயத்தில் கையெழுத்தே இல்லை, கணினி. பாட்டியின் அத்தியாயம்தான் நீளம். பக்கங்கள் அவருக்குத்தான் குறைவு, ஆனால் விளக்க வேண்டியது அதிகம்.

கடைசி அத்தியாயத்துக்குப் பின்னால் பத்து வெற்றுப் பக்கங்கள் விடுங்கள். பின்னிணைப்பில் வண்டிகள், கருவிகள், கடையில் வேலை பார்த்த ஆட்களின் பட்டியல் இருக்கட்டும். கூலி ஆட்களின் பெயரைப் போடுவதற்கு முன்னால் அவர்களையோ அவர்கள் வீட்டாரையோ கேளுங்கள், சிலர் இந்த வேலை செய்ததைச் சொல்ல விரும்ப மாட்டார்கள். ஒரு பிரதியை அருகில் இருக்கும் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். அசல் பேரேடுகளையும் கொடுப்பதாக இருந்தால், இத்தனை வருடத்துக்கு யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.

அச்சுக்கு முன்னால் பெரியவர்களிடம் காட்டும்போது கைப்பேசியில் அனுப்பாதீர்கள். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஓரத்தில் நிறைய இடம் விட்டு, கூடவே ஒரு பென்சிலும் கொடுங்கள். மூன்று வாரம் டைம் கொடுங்கள். அத்தை நாற்பது இடத்தில் எழுதியிருந்தார், பாதி என் மொழிநடையைப் பற்றி. அப்பா இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். படிக்கவே இல்லை என்று நினைத்தேன். 87-ஆம் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வரி: 'திருகாணி இல்லை, ஆணி. திருகாணி நான் வந்த பிறகுதான்.'